நடுத்தர விலையில் உயர்தர வசதிகள்: பிக்சல் 7ஏ திறன்பேசியை முன்வைத்து

2023 மே மாதத்தில் கூகுள் நிறுவனத்தின் பிக்சல் 7ஏ திறன்பேசி இந்தியாவில் 43,999 ரூபாய்க்கு விற்பனைக்கு வந்தது. அதற்கு ஏழு மாதங்கள் முன்னதாக 59,999 ரூபாய் விலையில் அறிமுகமாகியிருந்த பிக்சல் 7இன் வசதிப் பட்டியலையும் இதன் வசதிப் பட்டியலையும் அருகருகே வைத்துப் படித்தவர்களுக்கு இரண்டுக்கும் பெரிய வேறுபாடு புலப்பட்டிருக்காது. இரண்டிலும் டென்சர் ஜி2 என்னும் ஒரே சிப்பும், 8 ஜிபி நினைவகமும், நொடிக்கு 90 முறை புதுப்பிக்கப்படும் ஓஎல்இடி திரையும், கம்பியில்லா சார்ஜிங்கும், நீரும் தூசும் புகாத கட்டமைப்பும், கை நடுக்கத்தை ஈடுகட்டும் கேமராவும் இருந்தன. அப்படியானால் விலையில் 16,000 ரூபாய் எங்கிருந்து குறைந்தது என்ற கேள்வி எழுகிறது. நடுத்தர விலைத் திறன்பேசி எதையும் மதிப்பிட முனைவோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வியும் இதுவே. ஏனெனில் வசதிகளின் பெயர்கள் இன்று எல்லா விலைகளிலும் கிடைக்கின்றன, அப்பெயர்கள் குறிக்கும் பொருளின் அளவுதான் விலைக்கு விலை மாறுகிறது.

உயர்விலைக் கருவியிலிருந்து நடுத்தர விலைக் கருவிக்கு ஒரு வசதி இறங்கிவரும் வழியைக் கவனித்தால் இதன் காரணம் விளங்கும். மென்பொருளை ஒருமுறை எழுதிவிட்டால், அதை இன்னொரு கோடிக் கருவிகளில் நிறுவுவதற்கு ஏறக்குறையச் செலவே இல்லை. சிப்பும் இதற்கு ஓரளவு ஒப்பானது: அது சிலிக்கானால் ஆன பொருள்தான் என்றாலும், அதன் செலவில் பெரும்பங்கு பல ஆண்டுகள் நீளும் வடிவமைப்புக்கும் அச்சுப்பதிவுக்கான ஆயத்தங்களுக்கும் போவதால், எத்தனை கூடுதலான கருவிகளில் அதே சிப் பொருத்தப்படுகிறதோ அத்தனைக்கு ஒவ்வொன்றின் மீதும் விழும் சுமை குறைகிறது. கேமராவின் ஒளியுணரி, முகப்புக் கண்ணாடி, வெப்பத்தைப் பரப்பும் தகடு, பேட்டரி ஆகியவற்றின் நிலை வேறு. இவை ஒவ்வொரு கருவிக்கும் புதிதாகப் பொருள் கேட்பவை. அளவு கூடினால் செலவும் கூடும். ஆகவே நகலெடுக்கக்கூடியவை முழுமையாக இறங்கிவருவதும், ஒவ்வொரு முறையும் பொருளால் செய்யப்பட வேண்டியவை அதே பெயரோடு சற்றே சிறுத்து வருவதும் இத்தொழிலின் இயல்பாகிவிட்டன. பிக்சல் 7ஏ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

கேமராவில் இது மிகத் தெளிவாகத் தெரிகிறது. விலை கூடிய பிக்சல் 7இன் முதன்மைக் கேமரா 50 மெகாபிக்சல் கொண்டது. விலை குறைந்த 7ஏயின் கேமராவோ 64 மெகாபிக்சல் கொண்டது. எண்ணை மட்டும் பார்த்து வாங்குபவருக்கு மலிவானதே மேலானதாகத் தோன்றும். ஆனால் மெகாபிக்சல் என்பது ஒளியுணரியில் எத்தனை பத்து லட்சம் ஒளிக்கட்டங்கள் உள்ளன என்ற எண்ணிக்கையே தவிர, அவை ஒவ்வொன்றும் எவ்வளவு பெரியவை என்பதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. பிக்சல் 7இல் ஒரு கட்டத்தின் பக்கம் 1.2 மைக்ரோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பகுத்தால் கிடைக்கும் துண்டில் ஒன்றேகால் பங்குக்குச் சற்றுக் குறைவு; 7ஏயில் அது 0.8 மைக்ரோமீட்டர். பக்கத்தை இருமடியாக்கி எண்ணிக்கையால் பெருக்கினால் முன்னதன் ஒளியுணரிப் பரப்பு ஏறத்தாழ 72 சதுர மில்லிமீட்டர் என்றும், பின்னதன் பரப்பு ஏறத்தாழ 41 சதுர மில்லிமீட்டர் என்றும் வரும். வட்டத் தகடாகத் தயாராகும் சிலிக்கானிலிருந்து ஒளியுணரிகள் வெட்டியெடுக்கப்படுவதால், பரப்பு பெரிதானால் ஒரு தகட்டிலிருந்து கிடைக்கும் துண்டுகளின் எண்ணிக்கை குறையும். ஒவ்வொரு துண்டிலும் பழுது நேரும் வாய்ப்பும் மிகும். விலையில் குறைந்த 16,000 ரூபாயில் ஒரு பகுதி இந்த 31 சதுர மில்லிமீட்டரில் இருக்கிறது.

ஒளியுணரியின் பரப்பை உற்பத்தியாளர்கள் சதுர மில்லிமீட்டரில் வெளியிடுவதில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 1/1.31 அங்குலம், 1/1.73 அங்குலம் என்பன போன்ற அளவுகளையே அவர்கள் தருகிறார்கள். பழைய தொலைக்காட்சிக் கேமராக்களில் இருந்த வெற்றிடக் குழாயின் வெளிவிட்டத்தைக் கொண்டு அமைந்த இந்த வழக்கம், குழாய்கள் மறைந்து பல பத்தாண்டுகள் ஆன பின்னும் நீடிக்கிறது. இந்த அங்குலம் ஒளியுணரியின் எந்தப் பக்கத்தையும் நேரடியாகக் குறிப்பதில்லை. வாங்குபவரைக் குழப்புவதைத் தவிர வேறு எதற்கும் பயன்படாத இந்த அளவை இனியாவது கைவிட வேண்டும்.

பரப்பின் வேறுபாடு படத்தில் எவ்வாறு வெளிப்படுகிறது என்பதை அறிய ஒளியின் இயல்பிலிருந்து தொடங்க வேண்டும். ஒளி ஃபோட்டான்கள் எனப்படும் தனித்தனித் துகள்களாக வந்து விழுகிறது. அவை ஒழுங்கான இடைவெளியில் வராமல் தற்செயலாக வருவதால், ஒரு கட்டத்தில் சராசரியாக 10,000 ஃபோட்டான்கள் விழ வேண்டிய நேரத்தில் அந்த எண்ணிக்கை ஏறத்தாழ 100 வரை மேலும் கீழும் அலையும். சராசரியின் வர்க்கமூலமே இந்த அலைவின் அளவு. ஒரே நிறமுள்ள சுவரைப் படம் பிடித்தாலும் மங்கிய ஒளியில் புள்ளிப்புள்ளியாகத் தெரிவதற்கு இதுவே முதற்காரணம். எவ்வளவு நேர்த்தியான ஒளியுணரியைச் செய்தாலும் இதைத் தவிர்க்க முடியாது. இரு கேமராக்களின் வில்லைத் திறப்பும் ஏறக்குறைய ஒன்றே என்பதால், பெரிய பரப்புள்ள பிக்சல் 7 ஒரே நேரத்தில் சுமார் 75 விழுக்காடு கூடுதல் ஒளியைச் சேர்க்கிறது. ஆயினும் வர்க்கமூல விதியால் படத்தின் தூய்மை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மட்டுமே கூடுகிறது. நண்பகல் வெயிலில் எடுத்த படங்களில் இதைக் கண்ணால் பிரித்தறிவது அரிது. அந்தி நேரத்திலும் விளக்கு வெளிச்சத்திலும்தான் வேறுபாடு தலைகாட்டும்.

64 மெகாபிக்சல் என்ற எண் படத்தில் முழுமையாகப் பயன்படுவதும் இல்லை. கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற முறைப்படி, ஒளியுணரியின் கட்டங்கள் மீது சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் மாறிமாறிப் பதிக்கப்படுகின்றன. இக்காலத் திறன்பேசிகளில் அருகருகே உள்ள நான்கு கட்டங்களுக்கு ஒரே நிறம் தரப்பட்டு, அந்நான்கும் சேர்ந்து ஒரு பெரிய கட்டமாக வேலை செய்யுமாறு அமைக்கப்படுகிறது. ஆகவே 7ஏ தருவது 16 மெகாபிக்சல் படம். பிக்சல் 7 தருவது ஏறத்தாழ 12.5 மெகாபிக்சல் படம். இவை வீட்டுச் சுவரில் மாட்டும் அளவுக்கு அச்சிடவும் போதுமானவை என்பதால் இதில் குறை காண ஒன்றுமில்லை. குறை, பயன்பாட்டில் நான்கில் ஒரு பங்காகும் எண்ணை விளம்பரத்தில் முன்னிறுத்துவதில்தான் இருக்கிறது.

சிறிய ஒளியுணரியின் இழப்பை மென்பொருள் எவ்வளவு ஈடுசெய்கிறது என்பது இக்கருவியின் மிகச் சுவையான பகுதி. மார்க் லெவாய் உள்ளிட்ட கூகுள் ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை இவ்வாறு ஈடுசெய்யும் முறையை விரிவாக விளக்கியது. பொத்தானை அழுத்தும்போது கேமரா ஒரே ஒரு படத்தை மட்டும் எடுப்பதில்லை. மிகக் குறுகிய நேர ஒளிப்பதிவுகளை அடுத்தடுத்து எடுத்து, கைநடுக்கத்தால் ஏற்பட்ட இடப்பெயர்ச்சியைக் கணக்கிட்டு, அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திச் சராசரி காண்கிறது. தற்செயலான அலைவுகள் சராசரியில் ஒன்றையொன்று அடக்கிக்கொள்வதால், ஒன்பது பதிவுகளைச் சேர்த்தால் புள்ளிகள் மூன்றில் ஒரு பங்காகக் குறையும். அதே வர்க்கமூல விதி இங்கே வாங்குபவருக்கு ஆதரவாக நிற்கிறது. பரப்பில் இழந்த ஒளியைக் கூடுதல் பதிவுகளால், அதாவது கூடுதல் நேரத்தால், மீட்டுக்கொள்ளலாம்.

ஆனால் அந்த நேரம் காட்சி அசையாமல் இருந்தால்தான் கைகொடுக்கும். கோயில் கோபுரமும் தட்டில் வைத்த உணவும் அசைவதில்லை. மாலை வெளிச்சத்தில் வீட்டுக்குள் ஓடும் குழந்தை ஒவ்வொரு பதிவிலும் வேறோர் இடத்தில் இருப்பதால், மென்பொருள் அப்பகுதியில் பதிவுகளைச் சேர்க்காமல் விட வேண்டியிருக்கும்; சேர்த்தால் உருவம் கலைந்துவிடும். அவ்விடத்தில் கேமரா தன் பரப்பின் உண்மையான அளவுக்குத் திரும்பிவிடுகிறது. கடையில் வைத்துக் கேமராவைச் சோதிப்பவர்கள் பிரகாசமான விளக்குகளுக்குக் கீழே அசையாத பொருள்களைப் படம் எடுப்பதால், மென்பொருள் மிக எளிதில் வெல்லும் சூழலையே அவர்கள் சோதிக்கிறார்கள். மங்கிய விளக்கில் நடமாடும் ஒருவரை எடுத்த பத்துப் படங்கள், பகலில் எடுத்த நூறு படங்கள் சொல்லாததைச் சொல்லும்.

அடுத்தது சிப். இரண்டு கருவிகளிலும் ஒரே சிப் இருப்பதால் வேகத்தை அளக்கும் செயலிகள் இரண்டுக்கும் நெருங்கிய மதிப்பெண்களையே தருகின்றன. சிப் 5 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில் செய்யப்பட்டது என்று விவரப் பட்டியல் கூறும். இந்த எண் இன்று ஒரு தலைமுறையின் பெயராக நிற்கிறதேயன்றி, சிப்பின் உள்ளே எந்த உறுப்பின் அளவையும் நேரடியாகக் குறிப்பதில்லை என்பதை மனத்தில் கொள்வது நல்லது. வேகத்தைத் தீர்மானிப்பதில் அதைவிட முதன்மையானது வெப்பம். சிப் உண்ணும் மின்னாற்றல் முழுவதும் இறுதியில் வெப்பமாகிறது. விசிறியில்லாத திறன்பேசி அவ்வெப்பத்தைத் தன் மேற்பரப்பு வழியாக மட்டுமே காற்றுக்குக் கொடுக்க முடியும்.

இதைத் தோராயமாகக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 7ஏ 152 மில்லிமீட்டர் நீளமும் 73 மில்லிமீட்டர் அகலமும் 9 மில்லிமீட்டர் தடிமனும் உடையது. எல்லாப் பக்கங்களையும் சேர்த்தால் மேற்பரப்பு ஏறத்தாழ 0.026 சதுர மீட்டர். அசையாத காற்றில் ஒரு சதுர மீட்டர் பரப்பு, ஒவ்வொரு டிகிரி வெப்பநிலை வேறுபாட்டுக்கும் சுமார் 10 வாட் வெப்பத்தை இழக்கும். கையில் பிடிக்கத் தக்க உச்ச வெப்பநிலையை 43 டிகிரி செல்சியஸ் என்று வைத்துக்கொண்டால், 28 டிகிரி அறையில் இக்கருவி தொடர்ந்து வெளியேற்றக்கூடியது ஏறத்தாழ 4 வாட். அறையின் வெப்பநிலை 38 டிகிரி ஆகும்போது அது 1.3 வாட்டாகச் சுருங்கிவிடுகிறது. சென்னையிலோ வேலூரிலோ கோடை நண்பகலில் இதே கருவி, குளிரூட்டப்பட்ட அறையில் செய்யக்கூடிய வேலையின் மூன்றில் ஒரு பங்குக்கே இடம் பெறுகிறது. அந்த வரம்பைத் தாண்டினால் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். சிப்பின் உச்ச வேகத்தைச் சில நிமிடங்களில் அளந்து சொல்லும் மதிப்பெண், குளிர்ந்த கருவி சூடேறுவதற்கு முன்பே முடிந்துவிடுவதால், வெப்பநாட்டில் வாழ்பவருக்கு மிகக் குறைவாகவே உதவுகிறது. ஒரே சோதனையை இருபது முறை இடைவிடாமல் ஓட்டி, மிகக் குறைந்த மதிப்பெண் மிக உயர்ந்த மதிப்பெண்ணில் எத்தனை விழுக்காடு என்று காட்டும் சோதனைகள் உள்ளன, நம்பத்தக்கவை அவையே.

7ஏயின் பின்புறம் கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக்கால் ஆனது. வெப்பம் அதனால் வெளியேறாது என்று சிலர் குறை கூறுவர். பிளாஸ்டிக் வெப்பத்தை மோசமாகக் கடத்தும் என்பது உண்மையே. ஆனால் ஒரு மில்லிமீட்டர் தடிமனே உள்ள மூடியைக் கடப்பதில் ஏற்படும் தடை, அங்கிருந்து காற்றுக்குச் செல்வதில் உள்ள தடையோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. சிப்பின் மேலுள்ள ஒரே இடத்தில் குவியும் வெப்பத்தைக் கருவியின் முழுப் பரப்புக்கும் பரப்புவதுதான் உண்மையான சிக்கல். அதைச் செய்வது உள்ளே ஒட்டப்படும் கிராஃபைட் தாளோ, நீராவியாகிக் குளிர்ந்து சுழலும் திரவம் அடைக்கப்பட்ட தட்டையான உலோகக் கூடோ ஆகும். அது விளம்பரப் படங்களில் தெரிவதில்லை. கீழே விழுந்தால் நொறுங்காத பிளாஸ்டிக் பின்புறத்தை இழப்பாகக் கருதுவதற்குப் பதில், விலையைக் குறைத்துப் பயனைக் கூட்டிய நல்ல முடிவாகவே கொள்ள வேண்டும்.

திரையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும் திரையில் ஒரு சட்டகம் 16.7 மில்லிநொடி நீடிக்கும். 90 முறையானால் 11.1 மில்லிநொடி, 120 முறையானால் 8.3 மில்லிநொடி. முதல் தாவலில் 5.6 மில்லிநொடி குறைகிறது, அடுத்ததில் 2.8 மில்லிநொடி மட்டுமே. 60க்கும் 90க்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலோருக்குப் புலப்படும். 120க்காகக் கூடுதல் பணம் தருவதற்கு முன் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். முகப்புக் கண்ணாடியில் சிக்கனம் வெளிப்படையாகவே உள்ளது. 7ஏயில் இருப்பது 2013இல் அறிமுகமான கொரில்லா கண்ணாடி 3. பிக்சல் 7இல் இருப்பது 2020இல் வந்த விக்டஸ். இரண்டுமே உருகிய பொட்டாசியம் உப்பில் அமிழ்த்தப்பட்டு, கண்ணாடியிலுள்ள சிறிய சோடியம் அயனிகளின் இடத்தில் பெரிய பொட்டாசியம் அயனிகள் புகுத்தப்படுவதால் மேற்பரப்பு இறுகி வலுப்பெறுபவை. பெயர் ஒன்றாக இருந்தாலும் இடையில் பல தலைமுறைகள் கடந்துவிட்டன. இக்கருவி வாங்குபவர் திரைக்குப் பாதுகாப்பு உறை ஒட்டிக்கொள்வது நியாயமான செலவே.

கம்பியில்லா சார்ஜிங் இருக்கிறது என்று பட்டியல் சொல்கிறது, அது 7.5 வாட் என்பது சிறிய எழுத்தில் இருக்கிறது. 4,385 மில்லி ஆம்பியர்-மணி கொண்ட பேட்டரியின் கொள்ளளவு ஏறத்தாழ 17 வாட்-மணி. எந்த இழப்பும் இல்லையென்று கொண்டால்கூட அதை நிரப்ப இரண்டேகால் மணி நேரம் ஆகும், நடைமுறையில் இன்னும் கூடுதலாகும். காந்தப்புலத்தின் வழியே ஆற்றலைக் கடத்தும்போது ஒரு பகுதி வெப்பமாகிப் பேட்டரியைச் சுடவைக்கிறது. வெப்பமோ பேட்டரியை முதுமையடையச் செய்யும் முதற்பகைவன். நீர்த்தடுப்பைக் குறிக்கும் ஐ.பி. 67 என்ற தரத்துக்கும் இதுபோன்ற நுண்பொருள் உண்டு. 6 என்னும் எண் தூசு முற்றிலும் புகாது என்பதையும், 7 என்னும் எண் ஒரு மீட்டர் ஆழ நன்னீரில் முப்பது நிமிடம் தாங்கும் என்பதையும் குறிக்கின்றன. சோதனை புதிய கருவியில், அசையாத நன்னீரில் நடப்பது. கடல் நீருக்கும் சோப்பு நீருக்கும் அது பொருந்தாது. பல ஆண்டுகள் வெப்பத்தில் இளகி இறுகிய பசையுள்ள பழைய கருவிக்கும் பொருந்தாது. திடீர் மழைக்கான காப்பாக மட்டும் அதை எண்ணுவது நல்லது.

புதிய கருவியை ஒரு வாரம் பயன்படுத்தி எழுதப்படும் மதிப்புரைகள் எதுவும் எட்ட முடியாத பகுதி, காலம். 7ஏக்கு ஐந்து ஆண்டுகள், அதாவது 2028 மே மாதம் வரை, பாதுகாப்புப் புதுப்பித்தல்கள் கிடைக்கும் என்று கூகுள் உறுதியளித்தது. வங்கிச் செயலிகளும் அடையாள ஆவணங்களும் திறன்பேசியில் குடியேறிவிட்ட காலத்தில், மென்பொருளின் ஓட்டைகள் தொடர்ந்து அடைக்கப்படுவது மற்ற எல்லா உயர்தர வசதிகளையும்விட மதிப்பு மிக்கது. 7ஏக்கு அடுத்த ஆண்டு வந்த பிக்சல் 8ஏக்கு இது ஏழு ஆண்டுகளாக நீட்டிக்கப்பட்டது. மென்பொருள் நகலெடுக்கக்கூடியது என்பதால் இந்த வாக்குறுதியும் நடுத்தர விலைக்கு முழுமையாக இறங்கிவந்தது. பேட்டரிக்கு அந்த வசதி இல்லை. 8ஏக்கு முந்தைய பிக்சல் கருவிகளின் பேட்டரி ஏறத்தாழ 800 முறை முழுமையாக ஏற்றி இறக்கும் வரை தன் கொள்ளளவில் 80 விழுக்காட்டைத் தக்கவைக்கும் என்று அந்நிறுவனமே கூறுகிறது. நாளுக்கு ஒருமுறை ஏற்றினால் 800 முறை என்பது இரண்டேகால் ஆண்டுக்குள் முடிந்துவிடும். ஐந்தாண்டுகளுக்கு வேண்டியதோ 1,800க்கு மேல். மென்பொருள் உழைக்கும் காலத்தில் பாதிகூட முடியாத நிலையில் பேட்டரி தளர்ந்துவிடுகிறது.

லித்தியம் அயனிப் பேட்டரிக்குள் இருக்கும் மின்பகு திரவம் மெல்லச் சிதைந்து, மின்முனையின் மேல் படலமாகப் படிந்து லித்தியத்தைப் பிடித்துவைத்துக்கொள்வதே கொள்ளளவு குறைவதற்கு முதன்மைக் காரணம். சிதைவு வேறு வகையில் நேர்ந்தால் வாயு உண்டாகிப் பேட்டரி உப்பும். 2025 ஏப்ரலில், 7ஏ கருவிகளில் சிலவற்றின் பேட்டரி உப்புவதாகக் கூகுள் நிறுவனமே அறிவித்து, இந்தியா உள்ளிட்ட சில நாடுகளில் பாதிக்கப்பட்ட கருவிகளுக்கு இலவசமாகப் பேட்டரி மாற்றித் தரும் திட்டத்தைத் தொடங்கியது. கருவி வெளிவந்து இரண்டு ஆண்டுகள்கூட நிறைவுபெறாத நேரம் அது. 2023 மே மாதத்தில் வந்த பாராட்டுகள் பிழையானவை அல்ல. அவற்றை எழுதியவர்கள் கண்ணால் காண முடியாத ஒன்று பின்னர் வெளிப்பட்டது. பேட்டரியை மாற்றுவது எவ்வளவு எளிது, அதற்கான சேவை மையம் வாங்குபவரின் ஊரில் உண்டா, உதிரிப்பாகம் எத்தனை ஆண்டு கிடைக்கும் என்ற கேள்விகள் கேமராவுக்கும் சிப்புக்கும் இணையான இடத்தை மதிப்பீட்டில் பெற வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான சான்று தேவையில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20 முதல் இவற்றைச் சட்டமாகவே ஆக்கி, 800 சுழற்சிக்குப் பின் 80 விழுக்காடு கொள்ளளவு என்பதைக் குறைந்தபட்சத் தகுதியாக வைத்து, பழுதுநீக்க எளிமைக்கான தரவரிசையைப் பெட்டியின் அடையாளச் சீட்டில் அச்சிடப் பணித்துள்ளது. இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை அமைத்த குழுவும் அத்தகைய பழுதுநீக்கக் குறியீட்டுக்கான பரிந்துரையை 2025இல் அளித்தது.

காலத்தைக் கணக்கில் சேர்த்தால் விலையும் வேறு முகம் காட்டும். 2023 மே மாதத்தில் 43,999 ரூபாய்க்கு 7ஏ வாங்கியவர் பாதுகாப்பான 60 மாதங்களுக்கு மாதம் 733 ரூபாய் கொடுத்தார். அதே கருவியைப் புதிதாக 2025 மே மாதத்தில் வாங்குபவருக்கு எஞ்சியிருப்பவை 36 மாதங்களே என்பதால், விலை 26,400 ரூபாய்க்குக் கீழே இறங்கியிருந்தால்தான் அவர் மாதத்துக்கு முதலாமவரைவிடக் குறைவாகக் கொடுக்கிறார். 30,000 ரூபாய்க்கு வாங்கினால், 14,000 ரூபாய் தள்ளுபடி கிடைத்ததாகத் தோன்றினாலும் மாதம் 833 ரூபாய் ஆகிறது. பேட்டரியை ஒருமுறை மாற்றும் செலவையும் இருவர் கணக்கிலும் சேர்க்க வேண்டியிருக்கும்; ஆனால் அதை முதலாமவர் 60 மாதங்களுக்குப் பகிர்ந்துகொள்கிறார், பின்னவர் 36 மாதங்களுக்கு.